வானொலிப் பெட்டியும் அம்மாவின் தபாலட்டையும்

இலங்கையில் வானொலி தொடங்கி 2025 டிசம்பர் 16ஆம் திகதியோடு 100 ஆண்டுகள் நிறைந்தன. 1925இல் 'கொழும்பு வானொலி' என்று பிறந்து, 1949இல் 'ரேடியோ சிலோன்' ஆகி, 1967 ஜனவரி 5ஆம் திகதி கூட்டுத்தாபனமாக மாறி, 1972இல் நாடு குடியரசானதும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. இந்த வரலாற்றைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வந்தது வேறு. அந்த நூறு ஆண்டில் ஒரு பகுதி மாத்தளை மாவட்டத்துத் தோட்ட லயமொன்றின் இஸ்தோப்பிலும், வன்னியில் ஒரு மாமர நிழலிலும், மீண்டும் மாத்தளையிலும் எப்படிக் கழிந்தது என்பதைச் சொல்லப் போகிறேன்.

பாட்டைப் பற்றி நான் பேசவில்லை. பாட்டை எல்லோரும் விரும்பிக் கேட்டோம். ஆனால் எங்கள் வீட்டில் அம்மா பெட்டியைத் திறந்தது பேச்சுக்காகத்தான். காலை தொடங்கி இரவு வரை வானொலியில் யார் யாரோ பேசினார்கள். அந்தப் பேச்சு எங்களைப் போன்ற பெண்களுக்கு என்ன செய்தது, இன்று என்ன செய்யக்கூடும் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் வீட்டுக்கு வானொலிப் பெட்டி வந்தது 1976இல். இடம் ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அப்பா கவ்வாத்து வெட்டி மிச்சம் பிடித்த காசில் வாங்கினார். அந்நாளில் பெட்டி வாங்கினால் மட்டும் போதாது. தபாற்கந்தோரில் பணம் கட்டி அனுமதிப்பத்திரமும் எடுக்க வேண்டும். லயத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி இறங்கினால் அம்மா அதை வெயிலில் காய வைப்பார். இன்னும் இரண்டு நாளைக்குப் பேசும்.

காலை: பெயர்களின் நேரம்

தோட்டத்தில் ஒருவர் இறந்தால் தப்பு அடித்துச் சொல்வார்கள். பக்கத்துத் தோட்டத்துக்கு ஆள் போய்ச் சொல்லுவான். அதைத் தாண்டிய உறவுக்குச் சேதி போக வேண்டுமானால் தந்தி, அல்லது வானொலி. தமிழ்ச் சேவையின் மரண அறிவித்தலை அறியாத தமிழ்க் குடும்பம் அந்நாளில் இல்லை. இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார், ஈமக்கிரியைகள் இத்தனை மணிக்கு, உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும் என்று ஒரே சீராகப் போகும்.

அம்மா அடுப்பில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே கேட்பார். தெரியாத ஊர், தெரியாத ஆட்கள். இருந்தும் முடியும்வரை யாரையும் பேச விடமாட்டார். "ஒரு மனுசன் போயிருக்கான். அவன் பேரை ஒருக்கா காதால கேட்டா என்ன?" என்பார். ஒரு மரணத்தை நாடு முழுவதும் கேட்கச் சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

2009க்குப் பிறகு புரிந்தது. காணாமற்போனவருக்கு மரண அறிவித்தல் கிடையாது. காலமான திகதி இல்லை, ஈமக்கிரியை நேரம் இல்லை, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு எதுவும் இல்லை. அந்தப் பட்டியலில் பெயர் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதும், வராததால் ஒன்றும் தெரியாமல் தவிப்பதும் ஒரே நெஞ்சுக்குள் நடக்கும். வாசிக்கிற சகோதரிகளில் பலருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

முற்பகல்: ஒரு பெண்ணின் குரல்

பெரட்டுக்குப் போய்விட்டால் அம்மா வானொலி கேட்க முடியாது. பிள்ளை பிறந்து வீட்டிலிருந்த நாட்களிலும் ஞாயிறுகளிலும்தான் பகல் நிகழ்ச்சி கிடைக்கும். ராஜேஸ்வரி சண்முகம் நடத்திய 'பூவும் பொட்டும் மங்கையர் மஞ்சரி' அப்படித்தான் எங்கள் காதில் விழுந்தது. செய்தி வாசிப்பில் சற்சொரூபவதி நாதனின் குரல். ராஜேஸ்வரி சண்முகம் 2012இலும் சற்சொரூபவதி நாதன் 2017இலும் மறைந்தார்கள். எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு அவர்கள் முகம் தெரியாது. குரல் தெரியும். நாட்டு நடப்பை ஒரு பெண் சொல்லலாம், அதை ஆண்கள் வாய் மூடிக் கேட்பார்கள் என்பதை நான் முதலில் கண்டது எங்கள் இஸ்தோப்பில்தான். அப்பாவும் கங்காணியும் அசையாமல் உட்கார்ந்திருக்க, பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார்.

வானொலிப் பேச்சு வெறும் பேச்சாய்ப் போவதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. 1960களின் நடுப்பகுதியில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் வந்தது. திருச்சி வானொலி அதன் விதைப்பு, உரம், நோய் பற்றி விவசாயிகளுக்குத் தொடர்ந்து பேசியது. விவசாயிகள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காதில் கேட்ட சொல் வயலில் விளைந்தது.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்ட நாடகங்களிலும் உரைகளிலும் யாழ்ப்பாணத்துப் பேச்சு இருந்தது, மேடைத் தமிழ் இருந்தது. எங்கள் லயத்துப் பேச்சைக் கேட்டது மிகக் குறைவு. அதனால் வானொலியில் பேச வேறு தமிழ் வேண்டும், எங்கள் தமிழ் அதற்கு ஆகாது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். இந்த நினைப்பு எவ்வளவு காலம் எங்கள் வாயைக் கட்டிப் போட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மாலை: செய்தியும் சைக்கிளும்

1977 வன்செயலில் தப்பினோம். 1983 ஜூலையில் மாத்தளை நகரம் எரிந்தபோது அப்பா முடிவெடுத்துவிட்டார். மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குப் போனதைப் போல நாங்களும் கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினோம். தட்டுமுட்டுச் சாமான்களில் அம்மா கையில் எடுத்தது இரண்டுதான். ஒன்று தம்பி. மற்றது வானொலிப் பெட்டி.

1990களில் வடக்கிற்குப் பொருளாதாரத் தடை இருந்தது. தடை செய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. அப்போது வடக்கில் இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலிக்குக் கொடுப்போம். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். வேகம் குறைந்தால் குரல் இழுபடும். கூடினால் கரகரக்கும். எங்கள் வீட்டில் சுற்றியவன் தம்பி. அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். அயல் வீட்டுப் பெண்கள் மாமரத்தின் கீழ் வந்து உட்காருவார்கள். இலங்கை வானொலிச் செய்தி ஒரு பக்கம், வன்னி வானொலிச் செய்தி மறுபக்கம், இரவில் பி.பி.சி. தமிழோசை. மூன்றையும் கேட்டு, எது எதைச் சொல்லாமல் விட்டது என்று பெண்களே பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். "மூணு பேரும் ஒண்ணு சொன்னா அது நடந்திருக்கு" என்பது அம்மாவின் கணக்கு. 1941இல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் திகதி வானொலியில் நின்றுபோனது.

செய்தியை ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கும் பழக்கம் உயிரைக் காத்த பழக்கம். வானொலி பொய்யும் சொல்லும், சில வேளை கொல்லவும் செய்யும். 1994இல் ஆபிரிக்காவின் ருவாண்டாவில் 'ஆயிரம் மலைகளின் சுதந்திர வானொலி' என்ற பெயரில் இயங்கிய நிலையம் ஓர் இனத்து மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று அழைத்து, அவர்களைக் கொல்லத் தூண்டியது. அதற்குப் பொறுப்பானவர்களை ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2003இல் குற்றவாளிகளாகத் தீர்த்தது. அதே 1994இல் அதே மக்களுக்காக பி.பி.சி. வேறொரு ஒலிபரப்பைத் தொடங்கியது. சிதறிப்போனவர்களின் பெயர்களை வாசித்து உறவுகளைத் தேட உதவிய நிகழ்ச்சி அது. அதன் பெயருக்கே 'குடும்பங்களைச் சேர்த்து வைப்பது' என்றுதான் பொருள். தென்னமெரிக்காவின் கொலம்பியாவிலும் 1994இல் ஒரு வானொலி நிகழ்ச்சி தொடங்கியது. ஆயுதக் குழுக்களால் கடத்தப்பட்டுக் காட்டில் வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு அவர்களின் தாயும் மனைவியும் பிள்ளைகளும் நள்ளிரவில் வானொலியில் பேசினார்கள். காட்டிலிருந்து மீண்டவர்கள் சிலர், அந்தக் குரல்தான் தங்களைப் பிழைக்க வைத்தது என்று பின்னர் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே கருவிதான். யார் பேசுகிறார்கள், யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இரவு: நாடகமும் பேசியவர்களும்

இரவில் நாடகம். சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்', ராமதாசின் 'கோமாளிகள்' எல்லாம் 1970களில் தமிழ் வீடுகளைக் கட்டி வைத்த தொடர்கள். 'கோமாளிகள்' 1976இல் திரைப்படமாகவும் வந்தது. பிறர் வீட்டுச் சண்டையையும் சமாதானத்தையும் கேட்டுவிட்டு, அதைப் பற்றி லயத்தில் ஒரு வாரம் பேசுவோம். தன் வீட்டுத் துன்பத்தை வெளியே சொல்லக் கூச்சப்படும் பெண், நாடகத்தில் வந்த பெண்ணின் பேரைச் சொல்லித் தன் கதையைச் சொல்லுவாள். கேட்பவர்களுக்கும் அது யாருடைய கதை என்று தெரியும். ஒருவரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

அந்தக் குரல்களுக்குப் பின்னாலிருந்தவர்களையும் காலம் விட்டுவைக்கவில்லை. 1989ஆம் ஆண்டு இந்நாட்டு வானொலிக்கு இருண்ட ஆண்டு. அவ்வருடம் ஜூலை 23ஆம் திகதி, வானொலியின் மூத்த அதிகாரியான தேவிஸ் குருகே சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 31ஆம் திகதி சிங்கள அறிவிப்பாளரும் பாடலாசிரியருமான பிரேமகீர்த்தி டி அல்விஸ் கொல்லப்பட்டார். தமிழ் நேயர்களின் பெருவிருப்புக்குரிய அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவும் கொழும்பில் கொலையுண்டவர்தான். பிரேமகீர்த்தியின் மனைவி தன் கணவருக்கு நடந்தது என்ன என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். அதே காலத்தில் மாத்தளை மாவட்டத்திலும் எத்தனையோ சிங்களத் தாய்மார் பிள்ளைகளை இழந்தார்கள். காத்திருத்தல் ஒரு மொழிக்கு மட்டும் சொந்தமில்லை. மாத்தளைச் சந்தையில் எங்களோடு மரக்கறி விற்கும் அம்மாக்களிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், இரண்டு மொழியிலும் ஒரே பெருமூச்சுத்தான் வரும்.

மகாவலியோடு வந்த வானொலி

அந்த இருண்ட 1989இல்தான் நல்லதொன்றும் பிறந்தது. அதைச் சொல்வதற்கு முதலில் ஆற்றைச் சொல்ல வேண்டும். பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலித் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக எங்கள் மாத்தளை மாவட்டத்து உக்குவளைக்கு வந்து, அங்கே மின்சாரம் தந்துவிட்டு வடக்கே வயல்களுக்குப் போகிறது. அந்த மகாவலித் திட்டத்தால் இலட்சக்கணக்கானோர் இடம் மாறினார்கள். புது இடத்தில் குடியேறியவர்களோடு பேசுவதற்காக ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் யுனெஸ்கோ, டென்மார்க் ஆகியவற்றின் உதவியோடு 1981இல் மகாவலி சமூக வானொலியை ஆரம்பித்தது.

அதன் முறை புதியது. கொழும்பு நிலையத்தில் இருந்துகொண்டு கிராமத்துக்குப் புத்தி சொல்லவில்லை. தயாரிப்பாளர்கள் கிராமத்துக்கே போய், சில நாட்கள் அங்கேயே தங்கி, மக்களைப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1989இல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் கொத்மலை சமூக வானொலி தொடங்கியது. 1990களின் இறுதியில் அங்கே இணையம் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. வீட்டில் கணினி இல்லாத மக்கள் தங்கள் கேள்வியைக் கடிதமாக அனுப்பினார்கள். அறிவிப்பாளர், ஒரு வைத்தியரையோ சட்டத்தரணியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒலிபரப்பு நடக்கும்போதே இணையத்தில் தேடி, கண்டதை அவர்களுடைய மொழியில் விளக்கினார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினி வைக்கப்பட்டது.

நான் இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இங்கே நிகழ்ச்சி நேயரின் கேள்வியில் தொடங்கியது. எங்கள் தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். காதால் கேட்பதும் கேட்பதுதான். வாய் திறந்து கேள்வி கேட்பதும் கேட்பதுதான். முதலாவதை நாங்கள் ஐம்பது வருடம் செய்தோம். இரண்டாவதைச் செய்ய எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அம்மாவின் தபாலட்டை

2009 மே மாதம் தம்பியைத் தொலைத்தோம். அவன் மனைவி அதற்கு முன்பே செல் விழுந்து இறந்துவிட்டாள். இரண்டு வயதுப் பெண்பிள்ளையை அம்மா தூக்கிக்கொண்டு வந்தார். முகாமிலிருந்து வெளியே வந்தபின், 2011இல், மாத்தளையில் இருந்த பெரியம்மாவின் லயத்துக்கே திரும்பினோம். பழைய பெட்டி போய்விட்டது. பெரியம்மாவின் பெட்டியை அம்மா எடுத்துக்கொண்டார்.

பேத்தி வளர வளர, பாடசாலைக்கும் வங்கிக்கும் 'தகப்பன் எங்கே, பாதுகாவலர் யார்' என்ற கேள்வி வந்தது. தம்பியின் பெயரில் சிறு சேமிப்பும் இருந்தது. ஓர் அலுவலகத்தில், மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் எதுவும் செய்யலாம் என்றார்கள். அம்மா கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். "அவன் செத்துட்டான்னு நான் எழுதிக் குடுக்கணுமா? பார்த்தவன் வந்து சொல்லட்டும்" என்று திரும்பி வந்துவிட்டார்.

2017இல் ஒரு நாள் வானொலியில் சட்ட விளக்க உரையாடல் ஒன்று நடந்தது. நேயர்கள் கேள்வி அனுப்பலாம் என்றார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு தபாலட்டை வாங்கி வரச் சொன்னார். அவருக்கு எழுதத் தெரியாது. நான் எழுதினேன். "மகன் காணாமற்போய்விட்டார்" என்று நான் நல்ல தமிழில் தொடங்க, அவர் தடுத்தார். "நான் சொல்ற மாதிரி எழுது. மகன் செத்தான்னு சொல்லாம பேத்திய எம் பேருல வச்சுக்க வழி இருக்கா? அவ்வளவுதான்."

அந்த ஒரு வரிதான் போனது. பெயரும் முகவரியும் வாசிக்க வேண்டாம் என்று மட்டும் நான் சேர்த்து எழுதினேன். சில வாரம் கழித்து அது வாசிக்கப்பட்டது. லயத்துப் பேச்சு அப்படியே வானொலியில் வந்தது. அம்மா ரொட்டி மாவைப் பிசைந்த கையோடு நின்றார்.

சட்டத்தரணி சொன்ன பதிலைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைச் சான்றிதழ் பெறலாம். அது ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. ஆனால் அதைக் கொண்டு அவருடைய பிள்ளைகளின் பாதுகாவல், சொத்துப் பராமரிப்பு, நலன்புரிக் கொடுப்பனவு ஆகியவற்றுக்கு உறவினர் விண்ணப்பிக்கலாம். அதே ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், தன்னிடம் பதியப்பட்ட விடயம் பற்றி இடைக்கால அறிக்கை கொடுத்தால், அதை வைத்து இச்சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியும். அவ்வலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது.

வானொலி சொன்னவுடன் காரியம் நடந்துவிடவில்லை. பலமுறை பஸ் ஏறினோம். ஒரு நாள் கூலி போனால் ஒரு நாள் சமையல் இல்லை என்ற கணக்கிலும் ஏறினோம். அச்சட்டத்தின் பெயரையும் இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதி அம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருந்தார். யாராவது "அப்படி ஒன்றுமில்லை" என்றால் முடிச்சை அவிழ்ப்பார். சான்றிதழ் 2019இல் கைக்கு வந்தது. அம்மா 2021இல் கண் மூடினார். தம்பிக்கு என்ன நடந்தது என்று அதுவரை தெரியவில்லை. இன்றும் தெரியாது. ஆனால் பேத்தி படிக்கிறாள். அவளுடைய பத்திரங்களில் பொய் எதுவும் எழுதப்படவில்லை.

அந்தத் தபாலட்டைக்குப் பிறகு எங்கள் லயத்திலிருந்து மேலும் பல தபாலட்டைகள் போயின. ஒருத்தி ஊழியர் சேமலாப நிதி பற்றிக் கேட்டாள். இன்னொருத்தி அடிக்கிற கணவனைப் பற்றிக் கேட்டாள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதும், 1938 என்ற இலக்கத்தில் பெண்களுக்கான உதவிச் சேவை உண்டு என்பதும் அப்படித்தான் எங்கள் வரிசைக்குத் தெரிந்தன.

கூடிக் கேட்டால்

தனியே கேட்பதைவிடக் கூடிக் கேட்பதில் பலன் அதிகம். கனடாவில் 1941இல் விவசாயக் குடும்பங்கள் வாரம் ஒரு முறை அயலவர் வீட்டில் கூடி வானொலி கேட்கும் இயக்கம் தொடங்கியது. வாசி, கேள், கலந்து பேசு, செயற்படு என்பது அவர்களின் மந்திரம். அதைப் பார்த்து 1956இல் இந்தியாவின் புனேயில் 150 கிராமங்களில் கிராம வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. பத்து வாரம், வாரம் இரு முறை கேட்டுப் பேசினார்கள். மன்றத்தில் எழுந்த கேள்விகள் நிலையத்துக்குப் போயின, பதில் மறுபடி ஒலிபரப்பானது. எங்கள் மாதர் சங்கங்களுக்கு இதில் செலவென்று ஒன்றுமில்லை. ஒரு பெட்டி, ஒரு கொப்பி, எழுதத் தெரிந்த ஒருத்தி போதும்.

இயற்கை அனர்த்தத்திலும் இந்தக் கூட்டம் உதவும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் அறுந்தன. தமிழில் எச்சரிக்கை போதியளவு வரவில்லை என்ற குறையும் எழுந்தது. பற்றரியில் பேசும் ஒரு பெட்டி ஒவ்வொரு லயத்திலும் இருக்கட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படியாகச் சொல்கிறது. முதலாவது மஞ்சள், விழிப்பாயிருங்கள். இரண்டாவது செம்மஞ்சள், வெளியேற ஆயத்தமாகுங்கள். மூன்றாவது சிவப்பு, உடனே வெளியேறுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே விழிப்பாயிருக்க வேண்டும். 150ஐத் தாண்டினால் வீட்டில் இருக்கக்கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இந்தத் தகவல் தமிழில் நேரத்துக்கு வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்பதும் நேயரின் உரிமைதான். அரச வானொலி எங்கள் வரிப்பணத்தில் நடப்பது.

உங்களைப் பேச அழைத்தால்

போரால் பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடி ஒலிவாங்கியோடு பலர் வருகிறார்கள். பேசுவது நல்லது. ஆனால் சில விடயங்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இது எங்கே, எப்போது ஒலிபரப்பாகும்? என் பெயரும் ஊரும் வருமா? வேண்டாம் என்றால் மறைப்பீர்களா? ஒலிபரப்புக்கு முன் நான் கேட்கலாமா? பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம். நடுவில் நிறுத்தலாம். பிள்ளைகளின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அழவேண்டும் என்று எதிர்பார்த்து வருபவருக்காக அழவும் தேவையில்லை. நடந்ததைச் சொல்வதோடு நிற்காமல், இப்போது என்ன வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

தமிழ் சரியில்லையே என்று மட்டும் தயங்காதீர்கள். அம்மாவின் தபாலட்டையை நான் நல்ல தமிழில் எழுதியிருந்தால் அதில் மூன்று பந்தி இருந்திருக்கும். கேள்வி இருந்திருக்காது.

இப்போது அந்தப் பெட்டி பேத்தியிடம் இருக்கிறது. கைத்தொலைபேசி வைத்திருக்கிறாள், என்றாலும் பெட்டியை விடவில்லை. காலையில் அதைத் திருகிவிட்டுத்தான் தேத்தண்ணி ஊற்றுவாள். பக்கத்தில் ஆணியில் ஒரு கொப்பி தொங்குகிறது. அதில் லயத்துப் பெண்கள் கேட்கச் சொன்ன கேள்விகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. பதில் வந்தவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போட்டிருக்கிறாள். வராதவைதான் அதிகம். அவற்றை அவள் வெட்டவில்லை.